வலிக்கவில்லை என்ற பதில்

‘வலிக்குதா?’ என்ற ஒற்றைக் கேள்வியின் மேல் நாம் எவ்வளவு பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறோம் என்ற யோசனை சில காலமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. குழந்தை விழுந்து எழுந்தால் அதைத்தான் கேட்கிறோம். வயதானவர் காலைத் தேய்த்து நடந்தால் அதைத்தான் கேட்கிறோம். மருத்துவரும் வயிற்றை அழுத்திவிட்டு அதையேதான் கேட்கிறார். இல்லை என்று பதில் வந்துவிட்டால் கேட்டவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் நிம்மதி. பேச்சு வேறு எதற்கோ திரும்பிவிடுகிறது. வலி என்றால் நகையை அடகு வைத்தாவது ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற குடும்பம், வலி இல்லையென்றால் பஸ் செலவைக்கூட வீண் என்று நினைக்கும். அதைக் குறை சொல்லிவிட முடியாது. உடம்பு முறையிட்டபோது காதுகொடுத்துத்தான் மனிதர்கள் இத்தனை காலம் பிழைத்து வந்திருக்கிறார்கள். ஆனால் முறையீட்டைச் சுமந்து வரும் நரம்பே காலின் நுனியிலிருந்து சத்தமில்லாமல் பட்டுக்கொண்டு வந்தால், ‘இல்லை’ என்ற பதிலை யார் சொல்கிறார்கள்? கால் சொல்கிறதா, அல்லது காலிலிருந்து ஒரு தகவலும் வந்து சேராத மூளை தானாகச் சொல்லிக்கொள்கிறதா? தூக்கத்தைக் கெடுத்து, வேலையை நிறுத்தி, முகத்தைச் சுளிக்க வைக்கிற வலியை நாம் நோயின் பக்கத்தில் வைத்துவிட்டோம். அது இல்லாத இடத்தை ஆரோக்கியம் என்று கணக்கில் எழுதிவிட்டோம். இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் பொய்த்துப்போகக்கூடியது என்பதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

மாயவரத்தில் எங்கள் பெரியப்பா ஒரு காலை நேரம் கொல்லைக்குப் போய்விட்டுக் கூடத்தின் வழியாகத் திரும்பி வந்தார். சிவப்பு சிமெண்டுத் தரை என்பதால் முதலில் யார் கண்ணிலும் படவில்லை. வாசல் கோலத்தின் வெள்ளையில்தான் ரத்தம் தெரிந்தது. ‘யாருக்கோ கால்ல அடிபட்டிருக்கு, யாருன்னு பாரு’ என்று பெரியம்மாவுக்குக் குரல் கொடுத்துவிட்டு, அந்தச் சொட்டுகளைக் குனிந்து குனிந்து தொடர்ந்து போனவர் அவரேதான். பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலின் தடித்த தோலில், உடைந்த கண்ணாடி வளையல் துண்டு ஒன்று பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது. பெரியம்மா அதைப் பிடுங்கியபோது அவர் முகத்தில் ஒரு சிறு அசைவுகூட இல்லை. ‘நல்லவேளை, வலியே இல்ல’ என்றார். வீட்டில் எல்லோருக்கும் அது நல்ல செய்தியாகவே இருந்தது. அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே செருப்பு காலைவிட்டுக் கழன்றது தெரியாமல் தெருமுனைவரை நடந்துபோய், திரும்பி வந்து தேடிக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது, மறதி என்று அதற்குப் பெயர் வைத்தாயிற்று. நம் ஊர் நரம்பியல் மருத்துவர்கள் தவறாமல் கேட்கும் கேள்விகளில் ஒன்று இதுதான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது: ‘செருப்பு கழண்டு போறது தெரியுதா?’ வாரை மட்டும் நம்பி, பெருவிரலால் இறுக்கிப் பிடித்து நடக்கும் மக்களிடம் கேட்பதற்கு இதைவிட நல்ல கேள்வி இருக்க முடியாது. இன்னொரு கேள்வியும் கேட்பார்கள்: கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளுகிறதா? கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்ற தகவல் கீழேயிருந்து வராதபோது கண்தான் உடம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். சோப்பு நுரைக்காகக் கண்ணை மூடிய நொடியில் அந்தத் தாங்கலும் போய்விடுகிறது. இரவில் விளக்குப் போடாமல் கழிவறைக்குப் போகிற முதியவர்கள் விழுவதில் பார்வைக் குறைவுக்கு இருக்கும் பங்கை எல்லோரும் பேசுகிறோம், பாதத்தின் பங்கை யாரும் பேசுவதில்லை.

நரம்பு என்று சொல்லும்போது நம் மனத்தில் வருவது பெரும்பாலும் முழங்கையில் புடைத்துத் தெரியும் ரத்தக்குழாய்தான். உண்மையான நரம்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. பெருவிரல் நுனியில் தொடுகையை அறியும் இழை ஒன்றின் தாய்ச்செல் முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விரல்நுனிவரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே செல்லின் நீட்சி. அவ்வளவு தூரத்துக்கும் வேண்டிய புரதங்களைத் தாய்ச்செல்தான் செய்து அனுப்ப வேண்டும். சர்க்கரை ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் மிகுந்து கிடந்தாலோ, வைட்டமின் பி12 குறைந்தாலோ, மது தொடர்ந்து உள்ளே போனாலோ, எல்லா நரம்புகளும் பாதிக்கப்படும் என்றாலும் முதலில் நலிவது நீளமானவைதான். காவிரியில் தண்ணீர் குறையும் ஆண்டில் கடைமடை வயல்தான் முதலில் காய்கிறது; கால்விரல்கள் உடம்பின் கடைமடை. மரப்பு விரல்களில் தொடங்கி, காலுறை போட்ட அளவுக்கு மேலேறி, முழங்காலை நெருங்கும் நேரத்தில் கைவிரல் நுனிகளிலும் ஆரம்பிக்கும், ஏனென்றால் நீளத்தில் அடுத்த வரிசை கைகளுடையது. வெட்டுண்ட நரம்பின் நுனிப்பகுதி தாய்ச்செல்லின் தொடர்பை இழந்ததும் சிதைந்து அழிகிறது என்பதை அகஸ்டஸ் வாலர் 1850-இல் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டிக் காட்டினார். மூளையிலும் தண்டுவடத்திலும் இல்லாத ஒரு சலுகை இந்த வெளிநரம்புகளுக்கு உண்டு: அவை மீண்டும் வளரும். ஆனால் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். மேல்தொடையில் அறுபட்ட நரம்பு பாதத்தை எட்ட ஆண்டுகள் ஆகும். அதற்காகத் தசை காத்திருப்பதில்லை. ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் கட்டளை வராத தசை சுருங்கிப் பயனற்றுப் போகிறது. ‘கொஞ்ச நாள் பார்ப்போம்’ என்று நாம் மிக இயல்பாகச் சொல்லும் அந்தக் கொஞ்ச நாளில் உள்ளே இந்தக் கணக்குதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நரம்புச் சேதம் எப்போதும் மௌனமாகத்தான் வரும் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். இங்கே என் எண்ணமே கொஞ்சம் தடுமாறுகிறது. சர்க்கரைநோய் மருத்துவமனையின் நீண்ட பெஞ்சில் காத்திருப்பவர்களின் பேச்சைக் கேட்டால் எத்தனை விதமான சொற்கள்! உள்ளங்கால் காந்துகிறது, மிளகாய் அரைத்துப் பூசினாற்போல எரிகிறது, எறும்பு ஊர்கிறது, மதமதவென்று இருக்கிறது, பஞ்சின் மேல் நடப்பதுபோல இருக்கிறது, சுரீரென்று மின்சாரம் பாய்கிறது. ராத்திரியில் போர்வை மேலே பட்டால்கூடத் தாங்காமல் காலை மட்டும் வெளியே நீட்டி ஈரத்துணி போட்டுக்கொண்டு படுப்பவர்கள் உண்டு. அதே காலில் ஊசியால் குத்தினால் தெரியாது. எரிச்சலும் மரப்பும் ஒரே பாதத்தில் ஒன்றாகக் குடியிருக்கின்றன: சாகும் இழைகள் காரணமில்லாமல் அலறுகின்றன, செத்துப்போனவை காரணம் இருந்தும் பேசுவதில்லை. மருந்து கொடுத்தோ, தானாகவோ எரிச்சல் அடங்கும்போது நோயாளி குணமாகிவிட்டதாக மகிழ்கிறார். சில பேருக்கு உண்மையிலேயே தணிந்திருக்கும், சில பேருக்கு அலறுவதற்கும் இழை மிஞ்சாமல் போயிருக்கும். இந்த இரண்டையும் உள்ளிருந்து பிரித்துச் சொல்ல அவருக்கு வழியே இல்லை என்பதுதான் என்னை மிகவும் கலங்க வைக்கிறது. சென்னை மருத்துவர்கள் முன்னின்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் சேர்ந்து நடத்திய ஆய்வு, நாட்டில் சர்க்கரைநோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று 2023-இல் மதிப்பிட்டது. நோய் நீண்டுகொண்டே போனால் அவர்களில் பாதிப் பேர்வரை ஏதோ ஓர் அளவில் நரம்புச் சேதத்துக்கு உள்ளாகலாம். அது காலோடும் நிற்பதில்லை. வியர்வையைச் சுரக்க வைக்கும் நரம்பு கெட்டால் பாதம் வறண்டு பித்தவெடிப்பு விழும். அந்த வெடிப்பு கிருமிக்கு வாசல். இதயத்துக்குப் போகும் நரம்பு கெட்டால் மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாமல் வந்துபோகலாம். மூச்சிரைப்பு, திடீர் வியர்வை, ஒரு விளங்காத அசதி, அவ்வளவுதான் வெளியே தெரியும்.

வலியின்மை எவ்வளவு கொடியது என்பதை உலகத்துக்குத் தெளிவாக எடுத்துச் சொன்ன பாடம் நம் மண்ணில்தான் கற்கப்பட்டது. பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகித் தாமாக உதிர்கின்றன என்றுதான் அன்றைக்கு மருத்துவர்களும் நம்பியிருந்தார்கள். துருப்பிடித்த ஒரு பூட்டைத் திறக்க முடியாமல் அவர் திணறிக்கொண்டிருந்தபோது மெலிந்த நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியை ஒரே திருகில் திருப்பிக் கொடுத்தான். அவன் விரலைப் பார்த்தால் எலும்பு தெரியும் அளவுக்குச் சதை கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவேயில்லை. நம் கை எந்த அளவு அழுத்தத்தில் நிறுத்திக்கொள்கிறது என்பதை நம் பலம் முடிவு செய்வதில்லை, வலி முடிவு செய்கிறது. இரவில் இருந்த விரல் காலையில் காணாமல்போன மர்மத்தையும் அவர் குழு விழித்திருந்து கண்டுபிடித்தது: தூங்குகிறவர்களின் உணர்வற்ற விரல்களை எலிகள் கடித்துக்கொண்டிருந்தன. அதன் பிறகு வீட்டுக்குத் திரும்பும் நோயாளிகளுக்கு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். தொழுநோய்க் கிருமி நரம்பைத்தான் கொல்கிறது. சதையையும் எலும்பையும் தின்பது சுடுபாத்திரமும் ஆணியும் எலியும் ஓயாத நடையும். புண்ணைக் காப்பாற்றி வைத்தால் அந்தச் சதையும் மற்றவர்களுடையதைப் போலவே ஆறுகிறது என்று அவர் நிரூபித்தார். அவர் எழுதியவற்றில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது வேறொரு கவனிப்பு. உணர்வில்லாத கைகளையும் கால்களையும் நோயாளிகள் தங்களுடையவை என்றே கருதவில்லை, உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் கருவிகளைப் போலத்தான் நடத்தினார்கள் என்கிறார். ஓர் உறுப்பு ‘நான்’ என்பதற்குள் இருக்க வேண்டுமென்றால் அது அவ்வப்போது நோக வேண்டியிருக்கிறதா? இதற்கு எனக்கு விடை தெரியாது. பெரியப்பா தன் ரத்தத்தையே யாருடையதோ என்று தேடிப் போனதை நினைக்கும்போது விடை இருக்கும் திசை மட்டும் தெரிகிறது.

வலி போய்விட்டால் அதன் இடத்தில் வேறொன்றை வைக்க முடியாதா என்று பிராண்டும் முயன்றார். அமெரிக்காவில் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, பொறியாளர்களைச் சேர்த்துக்கொண்டு அழுத்தத்தை அளக்கும் உணரிகள் பதித்த கையுறைகளையும் காலுறைகளையும் செய்தார். அளவு மீறி அழுத்தினால் காதில் ஒலி எழும். பிறகு விளக்கு எரியும்படி செய்தார்கள். கடைசியில், இன்னும் உணர்வு மிஞ்சியிருந்த அக்குளில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. ஒலியையும் ஒளியையும் நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. அதிர்ச்சி வரும் என்று தெரிந்த வேலையைச் செய்யும்போது சுவிட்சை அணைத்துவிட்டு, வேலையை முடித்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்கள். அவர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர், தங்கள் கைகள் அழிவதைக் கண்ணால் பார்த்தவர்கள். வலியின் பயனே, அணைக்க முடியாதபடி நம் விருப்பத்துக்கு வெளியே அது இருப்பதில்தான் இருக்கிறது. வலியைக் கடத்தும் மரபணு ஒன்றில் பிழையோடு பிறந்த பாகிஸ்தான் குடும்பங்களைப் பற்றி 2006-இல் வெளிவந்த ஆய்வில், தெருவில் கத்தியைக் கையில் குத்திக்கொண்டும் தணலில் நடந்தும் வித்தை காட்டிய ஒரு சிறுவனைப் பற்றி வருகிறது. பதினான்கு வயது நிறையுமுன் கூரையிலிருந்து குதித்து அவன் இறந்துபோனான். இதையெல்லாம் படித்தபின், ‘தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று துண்டறிக்கையில் அச்சடித்துக் கொடுத்தால் போதும் என்று என்னால் நம்ப முடியவில்லை. உணர்வு இருக்கும் நமக்கே தினமும் ஒன்றைத் தவறாமல் பார்ப்பது கடினம். முதுகு வளையாத, கண்ணில் புரை விழுந்த எழுபது வயதுக்காரர் தன் உள்ளங்காலைத் தானே எப்படிப் பார்ப்பார்? கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள், செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் இந்த வேலை இன்னொருவருடைய கண்ணையும் கையையும் கேட்கிறது என்றே நினைக்கிறேன். கணவரின் காலுக்கு எண்ணெய் தடவிவிடும் மனைவிகளை நம் வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதே நோயோடு நாளெல்லாம் அடுக்களையின் ஈரத்தில் நிற்கும் அவர்களுடைய பாதத்தை யார் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள்?

மருத்துவர்களாவது பார்க்கிறார்களா? நம் ஊரில் ஆலோசனை அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். வெறுங்கால் மருத்துவரின் மேசைக்கு அடியிலேயே இருக்கிறது, குனிந்தால் தெரியும். பெரும்பாலும் யாரும் குனிவதில்லை. சர்க்கரை அளவு எழுதிய சீட்டைப் பார்த்து மாத்திரை எழுதுவதற்குள் அடுத்தவரின் பெயர் கூப்பிடப்படுகிறது. தேய்ந்த குதிகாலும், உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியும், குத்தி நிற்கும் கருவேல முள்ளுமாக அந்தச் செருப்பு கதவுக்கு வெளியே கிடக்கிறது. இத்தனைக்கும் தேவைப்படுவது அற்பமான கருவிகள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை உள்ளங்காலின் சில இடங்களில் தொட்டு, நோயாளி கண்ணை மூடியிருக்கும்போது தெரிகிறதா என்று கேட்க வேண்டும். 128 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்துப் பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. அந்த இழை தெரியாத கால், புண்ணுக்கு வழி திறந்து வைத்திருக்கும் கால். அந்தக் காலோடு நண்பகலில் கோயில் பிரகாரத்தின் கருங்கல்லில் நடந்து தோல் வெந்துபோனவர்கள் இருக்கிறார்கள், வேண்டுதலுக்காகத் தீமிதித்துவிட்டு மறுநாள் கொப்புளத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், மரப்புப் போகட்டும் என்று சுடுதண்ணீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்துப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். சாமிக்குச் செய்வதை நிறுத்தச் சொல்லும் தகுதி எனக்கில்லை. கல் சுடாத விடியற்காலையில் சுற்றி வரலாமே என்று மட்டும் கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது. புண் வந்தபிறகும் வழி உண்டு. தொழுநோய்ப் புண்ணுக்குக் காலை மாவுக்கட்டில் வைத்து, பாரத்தைப் பாதம் முழுக்கப் பரவச்செய்து ஆற்றும் முறையை 1930-களில் இலங்கையில் மில்ராய் பால் என்ற மருத்துவர் கையாண்டார். பின்னால் அது பிராண்ட் வழியாக அமெரிக்கா போனது, இன்று உலகெங்கும் சர்க்கரைப் புண்ணுக்கு அதைத்தான் கட்டுகிறார்கள். எம்.சி.ஆர். என்று நாம் சொல்லும் மெத்தென்ற ரப்பர்ச் செருப்பும் தொழுநோயாளிகளின் கால்களிலிருந்து சர்க்கரைநோயாளிகளின் கால்களுக்கு வந்ததுதான்.

சர்க்கரையை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் மற்றக் காரணங்கள் மறைந்துவிடும். ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுவோருக்கும் சைவ உணவுக்காரர்களுக்கும் பி12 குறைந்து அதே மரப்பு வரலாம், அது ஊசியால் சரிசெய்யக்கூடியது, தாமதித்தால் முழுதாகத் திரும்பாதது. ஆனால் எந்தப் பரிசோதனையும் இல்லாமல் மருந்துக்கடையில் போட்டுக்கொள்ளும் சிவப்பு நிறச் சத்து ஊசி காரணத்தைத் தேடும் வேலையைத் தள்ளிப்போடுகிறது. பி6 அளவு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியாசிட் நரம்பைப் பாதிக்கும் என்பதால்தான் அதோடு பி6 மாத்திரை சேர்த்துத் தருகிறார்கள். அதைச் சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடக் கூடாது. வாசலிலும் சுடுகாட்டோரத்திலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைக் காப்பாற்றும் வின்கிறிஸ்டின் எடுக்கிறார்கள். அது உயிரைக் கொடுத்துக்கொண்டே விரல்நுனிகளை மரக்கவும் வைக்கும். சட்டைப் பித்தான் போட முடியவில்லை, மாடிப்படியில் கால் தடுக்குகிறது என்று குழந்தை சொன்னால் அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளவை மாற்ற அவருக்கு வழியிருக்கிறது. உயிர் பிழைத்ததே பெரிது, இதையெல்லாமா சொல்வது என்ற கூச்சம் பெற்றோருக்கு வருகிறது. அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஏற்க முடியவில்லை.

ஒவ்வொரு மதமதப்புக்கும் பயந்துகொண்டிருக்கச் சொல்கிறேனா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. சம்மணமிட்டு உட்கார்ந்து எழும்போது கால் மரத்துப்போய், எறும்பு ஊர்ந்து, சில நிமிடத்தில் தெளிந்துவிட்டால் அது நரம்பு உயிரோடிருக்கும் அடையாளம். தெளியாததும், திரும்பத் திரும்ப வருவதும், மேலேறிக்கொண்டு போவதும் வேறு. இரண்டு கால் விரல்களிலும் ஒரேமாதிரி தொடங்கி வாரங்கள் கடந்தும் நிற்கும் மரப்பு, ராத்திரியில் எழுந்து உதற வைக்கும் கைமரப்பு, இருட்டில் தள்ளாட்டம், இவையெல்லாம் அந்த மாதத்துக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டியவை. சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகம் என்று சில ரத்தப் பரிசோதனைகளும், வேண்டுமானால் நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனையும் போதும். தேமல் என்று விட்டுவைத்த வெளுத்த படையில் பஞ்சு பட்டால் தெரியவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். தொழுநோய்க்கான கூட்டு மருந்து இலவசம், சில மாதங்களில் கிருமி போய்விடும், நரம்பு வீங்கிப் புதிதாகப் பலவீனம் வந்தால் ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு கொடுத்து மீட்க வாய்ப்புண்டு. இவற்றுக்கு நாள் இருக்கிறது, வேறு சிலவற்றுக்கு நாளே கிடையாது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து இரண்டு கால்களும் துவண்டு, அந்தத் துவளல் நாளுக்கு நாள் மேலே ஏறினால் அது குய்லான்-பாரே நோயாக இருக்கலாம். மூச்சுத் தசைவரை போகக்கூடியது, செயற்கைச் சுவாசக் கருவி உள்ள பெரிய மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும். முதுகுவலியோடு தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்து, சிறுநீர் நின்றுபோனால் அல்லது தெரியாமல் போனால், தண்டுவடத்தின் அடிநரம்புகள் நசுங்குகின்றன என்று பொருள், கணக்கு மணிநேரத்தில். முகமோ கையோ ஒரு பக்கம் மட்டும் சட்டென்று விழுந்து பேச்சு குழறினால் அது வெளிநரம்பு அல்ல, மூளை. உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். கண்ணாடியோ அரிவாளோ மணிக்கட்டைக் கிழித்தபின் விரல் மரத்திருந்தால் தோலைத் தைத்தால் மட்டும் போதாது, உள்ளே அறுபட்ட நரம்பையும் தைக்க வேண்டியிருக்கும் என்று தையல் போடுகிறவரிடம் சொல்லியாக வேண்டும். மணிக்கட்டோ கணுக்காலோ திடீரெனத் தொங்கிவிட்டால் அதையும் மறுநாளுக்கு ஒத்திவைக்கக் கூடாது.

மரத்த காலுக்கு மட்டும் ஒரு தனி விதி இருக்கிறது, இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்ல விரும்புகிறேன். அந்தக் காலில் வரும் எந்தப் புண்ணும் சிறிய புண் அல்ல. கொப்புளம், கருத்த விரல், கெட்ட வாடை, காலணி கடித்த சிவப்பு, எதுவானாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் சுளுக்கு என்று தைலம் தேய்த்துவிடக் கூடாது. உணர்வில்லாத காலில் எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம், சார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1868-லேயே எழுதிவைத்த நிலை அது, ஒவ்வொரு அடியிலும் பாதம் உருக்குலையும். செத்த நரம்பை முழுதாக உயிர்ப்பிக்கும் மருந்து இன்னும் இல்லை. முதல் வகைச் சர்க்கரைநோயாளிகளிடம் சர்க்கரை அளவைக் கறாராகக் கட்டுப்படுத்தியபோது நரம்புச் சேதம் சுமார் 60 சதவீதம் குறைந்தது என்று 1993-இல் வெளிவந்த அமெரிக்க-கனடா ஆய்வு காட்டியது. இரண்டாம் வகையில் அவ்வளவு பலன் கிடைப்பதில்லை என்றாலும் கட்டுப்பாட்டைக் கைவிட அது காரணமாகாது. எஞ்சியிருக்கும் உணர்வையும், உணர்வு போன காலையும் காப்பது நம் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகச் சர்க்கரையோடு இருக்கும் அப்பாவோ அத்தையோ இருந்தால், இன்றைக்கு அவர் பாதத்தை வெளிச்சத்தில் மடியில் வைத்துப் பாருங்கள், விரலிடுக்குகளை விரித்துப் பாருங்கள், அவர் செருப்புக்குள்ளும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஏதாவது தென்பட்டால் நாளைய வேலையைத் தள்ளிவைத்துவிட்டுக் கூட்டிப்போங்கள். மருத்துவர் காலைப் பார்க்காமல் சீட்டு எழுதத் தொடங்கினால், ‘டாக்டர், ஒருதடவை காலைப் பாத்துடுங்க’ என்று தயங்காமல் சொல்லுங்கள்.